வளரும் அறக்கட்டளை: கல்வி உதவித்தொகையும் ஊர்ப்பணிகளும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறிய அளவில் தொடங்கி, சில மாணவர்களுக்கு உதவித்தொகை வழங்கி, பிறகு நூலகம், குடிநீர், பள்ளிக் கட்டடம் போன்ற ஊர்ப்பணிகளிலும் கால்வைக்கும் அறக்கட்டளைகளின் அறங்காவலர்களும் நன்கொடையாளர்களும் திரும்பத் திரும்ப எழுப்பும் கேள்விகளுக்கு இங்கே விடை தர முயன்றிருக்கிறேன். சட்ட நடைமுறைகள் நாட்டுக்கு நாடு மாறுபடுவதால் அவற்றுக்குள் நுழையவில்லை. எங்கும் பொருந்தக்கூடிய கணக்கும் கடமையுமே இங்குப் பேசப்படுகின்றன.

ஓர் அறக்கட்டளை வளர்ந்திருக்கிறது என்று எதை வைத்துச் சொல்வது?

ஆண்டறிக்கைகளில் பெரும்பாலும் திரட்டிய தொகையும் பயனாளிகளின் எண்ணிக்கையும்தான் முன்னால் நிற்கின்றன. அவை தேவையான விவரங்களே. ஆனால் முதலாண்டில் சேர்த்துக்கொண்ட மாணவர்களில் எத்தனை பேர் படிப்பை முடித்தார்கள் என்ற எண்ணைத்தான் நான் முதலில் தேடுவேன். கல்வி உதவித்தொகை என்பது ஒருமுறை கொடுத்து முடிக்கும் தானம் அன்று. மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு நீளும் வாக்குறுதி. அந்த வாக்குறுதியை நம்பி ஒரு குடும்பம் வேறு வழிகளைக் கைவிட்டிருக்கும். வேலைக்குப் போயிருக்க வேண்டிய பிள்ளை கல்லூரிக்குப் போயிருக்கும். எனவே, கொடுத்த வாக்கை இடையில் முறிக்காமல் எத்தனை பேருக்குக் காப்பாற்ற முடிகிறது என்பதே ஓர் அறக்கட்டளையின் உண்மையான அளவு.

ஆண்டுதோறும் அதே எண்ணிக்கையில்தான் மாணவர்களைச் சேர்க்கிறோம். செலவு மட்டும் ஏன் ஏறிக்கொண்டே போகிறது?

புதிய அறக்கட்டளைகள் அதிகம் சறுக்குவது இந்தக் கணக்கில்தான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். நான்காண்டுப் படிப்புக்கு ஆண்டுக்குப் 10 புதிய மாணவர்களை எடுத்துக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். முதலாண்டில் 10 பேருக்குப் பணம் தர வேண்டும். இரண்டாம் ஆண்டில் பழையவர்கள் 10, புதியவர்கள் 10 என 20 பேர். மூன்றாம் ஆண்டில் 30, நான்காம் ஆண்டில் 40. அதன் பிறகுதான் ஒரு தொகுதி வெளியேறி மற்றொன்று உள்ளே வருவதால் எண்ணிக்கை நிலைபெறும். அதாவது, முதலாண்டுச் செலவைப் போல் நான்கு மடங்கைத் தாங்கும் வலு இருந்தால் மட்டுமே அந்த முதல் 10 பேரைச் சேர்த்திருக்க வேண்டும்.

இதன்மேல் கட்டண உயர்வு வந்து சேர்கிறது. கட்டணம் ஆண்டுக்கு 6 விழுக்காடு உயர்ந்தால் 12 ஆண்டுகளில் ஏறத்தாழ இரு மடங்காகிவிடும். மேலும், நான்காம் ஆண்டின் தொகையைக் கொடுத்து முடித்த நாளில் இனிப் புதிதாக ஒருவரையும் சேர்ப்பதில்லை என்று முடிவெடுத்தாலும், ஏற்கெனவே படித்துக்கொண்டிருக்கும் 10 பேர் கொண்ட மூன்று தொகுதிகளுக்கு முறையே மூன்று, இரண்டு, ஓர் ஆண்டுப் படிப்பு மீதமிருக்கும். மொத்தமாகக் கூட்டினால் அது ஒரு மாணவரின் ஓராண்டுத் தொகையைப் போல் 60 மடங்கு. எந்தக் கணக்கேட்டிலும் கடன் என்ற தலைப்பில் இது எழுதப்படாமல் போகலாம். ஆயினும் அறங்காவலர்கள் இதைக் கடனாகவே கருத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மூலநிதி எவ்வளவு இருந்தால் போதும்?

மூலநிதியை, அதாவது முதலீடு செய்துவைத்த முதலை, தொடாமல், அதன் வருவாயில் ஒரு பகுதியை மட்டும் செலவிடுவது என்று முடிவெடுத்தால், ஆண்டுக்கு நிதியின் மதிப்பில் 4 விழுக்காட்டை எடுப்பது எச்சரிக்கையான அளவு. அப்படியானால் ஆண்டுச் செலவைப் போல் 25 மடங்கு மூலநிதி தேவைப்படும். 40 மாணவர்களைத் தாங்க 1,000 மாணவர்களின் ஓராண்டுத் தொகைக்கு ஈடான நிதி. 8 விழுக்காடு ஈட்டினோமே, 8 விழுக்காட்டையும் செலவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. விலைவாசி 4 விழுக்காடு ஏறியிருந்தால், ஈட்டியதில் பாதி மூலநிதியின் வாங்கும் வலுவைக் காப்பதற்கே திரும்பச் சேர வேண்டியிருக்கிறது என்பதுதான் விடை.

நோபல் அறக்கட்டளையின் வரலாறு இதற்கு நல்ல பாடம். ஆல்ஃபிரட் நோபல் 1895-இல் எழுதிய உயிலின்படி, ஏறத்தாழ 3.1 கோடி சுவீடன் குரோனர் பாதுகாப்பான பத்திரங்களில் முதலீடு செய்யப்பட்டது. 1901-இல் முதல் பரிசுத்தொகை 1,50,782 குரோனராக இருந்தது. வரிச்சுமையும் பணவீக்கமும் அரித்ததில், 1923-இல் அது 1,15,000 குரோனருக்கும் கீழே இறங்கிவிட்டது. 1946-இல் வரிவிலக்கும், 1953-இல் பங்குகள் முதலானவற்றில் முதலீடு செய்யும் அனுமதியும் கிடைத்த பிறகே நிதி மெல்ல மீண்டது. பரிசு தன் தொடக்ககால மதிப்பை மீண்டும் எட்ட 1991 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. உலகமே அறிந்த ஒரு நிதியம் தன் இழந்த வலுவை மீட்க இத்தனை காலம் ஆயிற்று என்றால், சிறிய அறக்கட்டளைகள் எவ்வளவு விழிப்பாக இருக்க வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

சந்தை ஏறும் ஆண்டில் தாராளமாகவும் இறங்கும் ஆண்டில் கஞ்சத்தனமாகவும் நடந்துகொள்ளாமலிருக்க, கடந்த மூன்றாண்டுகளின் சராசரி மதிப்பில் விழுக்காட்டைக் கணக்கிடும் வழக்கம் பல நிதியங்களில் உண்டு. மதிப்பு 1,000, 1,100, 900 என்று ஏறியிறங்கினாலும், சராசரி 1,000 என்பதால் அதன் 4 விழுக்காடான 40 தடையின்றிக் கிடைக்கும். மாணவருக்குத் தேவைப்படுவது இந்தச் சீர்மைதான்.

மூலநிதி இல்லாமல், ஆண்டுதோறும் வரும் நன்கொடையைக் கொண்டே நடத்த முடியாதா?

முடியும். பெரும்பாலான அறக்கட்டளைகள் அப்படித்தான் தொடங்குகின்றன. ஒரே ஒரு நிபந்தனையை மட்டும் விடாமல் பின்பற்ற வேண்டும்: ஒரு மாணவரைச் சேர்க்கும் நாளிலேயே அவர் படிப்பு முடியும் வரைக்குமான தொகையைத் தனிக்கணக்கில் ஒதுக்கிவைத்துவிட வேண்டும். இந்த முறையில் நான்கு மாணவர்களைச் சேர்க்க நினைத்த இடத்தில் ஒருவரைத்தான் சேர்க்க முடியும். மற்ற மூவரைத் திருப்பி அனுப்புவது நெஞ்சை உறுத்தும். ஆனாலும் இரண்டாம் ஆண்டில் பாதி வழியில் கைவிடப்பட்ட நால்வரைவிட, பட்டம் பெற்று வெளியே வரும் ஒருவரால் அந்தக் குடும்பத்தின் நிலை மாறுகிறது.

ஒரே பெரிய நன்கொடையாளரை நம்பியிருப்பது தவறா?

தவறில்லை, ஆபத்தானது. அமெரிக்காவின் ரோசன்வால்ட் நிதியத்தின் சொத்து பெரும்பாலும் அதை நிறுவிய ஜூலியஸ் ரோசன்வால்ட் தலைமை வகித்த சியர்ஸ் என்ற வணிக நிறுவனத்தின் பங்குகளாகவே இருந்தது. 1929-இல் பங்குச்சந்தை சரிந்ததும், ஏற்கெனவே கொடுத்திருந்த வாக்குறுதிகளை நிறைவேற்ற அந்நிதியம் பெரிதும் திணறியது. கொடுத்தவரின் மனம் மாறவில்லை. பங்கின் விலைதான் மாறியது.

உதவித்தொகையை மதிப்பெண்ணைப் பார்த்துக் கொடுப்பதா, வறுமையைப் பார்த்துக் கொடுப்பதா?

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதை வெளிப்படையாக அறிவிப்பது, இரண்டையும் கலந்து குழப்புவதைவிட நல்லது. மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால், நல்ல பள்ளியும் தனிப்பயிற்சியும் வாய்த்த பிள்ளைகளுக்கே உதவி போய்ச் சேரும். அவர்கள் நம் உதவி இல்லாமலும் படித்திருப்பார்கள். பணம் இல்லாவிட்டால் படிப்பு நின்றுவிடும் என்ற நிலையில் உள்ளவர்களுக்கே முதலிடம் என்பது என் நிலைப்பாடு. படிப்பைத் தாங்கும் குறைந்தபட்சத் தகுதி இருக்கிறதா என்று பார்த்தபின், மீதமுள்ளவர்களைத் தேவையின் வரிசையில் எடுத்துக்கொள்ளலாம். அறங்காவலரின் உறவினரோ அவர் பரிந்துரைத்தவரோ விண்ணப்பித்திருந்தால், அந்த அறங்காவலர் தேர்வுக் கூட்டத்திலிருந்து எழுந்து வெளியே போய்விட வேண்டும். இதைத் தொடக்கத்திலேயே எழுதிவைத்துவிட்டால், பின்னால் யாரிடமும் முகம் சுளிக்க வேண்டியிருக்காது.

விண்ணப்பப் படிவத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பத்துப் பக்கப் படிவமும், ஐந்தாறு அலுவலகங்களில் அலைந்து வாங்க வேண்டிய சான்றிதழ்களும் கேட்டால், மிகவும் தேவையுள்ளவர்தான் முதலில் விலகிப்போவார். சான்றிதழ் வாங்க ஒரு நாள் கூலியை இழக்க வேண்டியவர் அவர்தான்.

தொகையை மாணவரிடம் கொடுப்பதா, கல்லூரிக்கே செலுத்திவிடுவதா?

கல்விக் கட்டணத்தைக் கல்லூரிக்கு நேரடியாகச் செலுத்துவதும், விடுதி, உணவு, பயணம், புத்தகம் ஆகியவற்றுக்கானதை மாணவரின் வங்கிக் கணக்கில் மாதந்தோறும் போடுவதும் பரவலாகப் பின்பற்றப்படுகின்றன. இதில் கவனிக்க வேண்டிய சிக்கல் ஒன்று உண்டு. சில நாடுகளில், வெளியிலிருந்து உதவித்தொகை வந்தது தெரிந்ததும் கல்லூரி தான் தருவதாகச் சொன்ன சலுகையை அதே அளவு குறைத்துக்கொள்கிறது. அப்போது அறக்கட்டளையின் பணம் மாணவருக்குச் சேராமல் கல்லூரியின் செலவைத்தான் மிச்சப்படுத்துகிறது. அமெரிக்காவில் இது பெரும் குறையாகப் பேசப்பட்டு, 2017-இல் மேரிலாந்து மாநிலம் தன் அரசுக் கல்லூரிகளில் இதைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்றியது. ஆகவே தொகையை அனுப்பும் முன், கல்லூரியின் சொந்தச் சலுகை குறைக்கப்படமாட்டாது என்று எழுத்தில் பெற்றுக்கொள்வது நல்லது.

படித்து முடித்தவர்கள் தொகையைத் திருப்பித் தர வேண்டும் என்று விதிக்கலாமா?

விதிக்கலாம், அதற்குப் பழைய முன்னோடி உண்டு. ஜாம்செட்ஜி டாடா 1892-இல் நிறுவிய கல்வி நிதி, வெளிநாடு சென்று உயர்கல்வி கற்பவர்களுக்குத் தொகையைக் கடனாகவே வழங்கியது. திரும்பி வரும் பணம் அடுத்தடுத்த மாணவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. பின்னாளில் இந்தியக் குடியரசுத் தலைவரான கே. ஆர். நாராயணன் லண்டன் பொருளாதாரப் பள்ளியில் படித்தது டாடா உதவித்தொகையைக் கொண்டுதான். நல்ல வருவாய் தரும் உயர்கல்விக்கு இந்த முறை பொருந்தும். குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்குப் படிப்பின் முதல் நாளிலேயே கடன் சுமையை ஏற்றுவது சரியென்று எனக்குப் படவில்லை. அவர்களிடம், முடிந்தபோது இன்னொருவருக்கு உதவுங்கள் என்று சொல்லிவிட்டு, அதை ஒப்பந்தமாக்காமல் விட்டுவிடலாம்.

பணம் கொடுத்தால் மட்டும் போதுமா?

போதாது. இடம் கிடைத்தும் கல்லூரியில் சேராமலே போகிறவர்கள் இருக்கிறார்கள். எந்தப் படிவத்தை எந்த நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லாததுதான் பல நேரங்களில் காரணம். முதல் பருவத் தேர்வில் ஒரு பாடத்தில் தோற்றதும், தனக்குத் தகுதியில்லை என்று முடிவுகட்டி ஊர் திரும்புகிறவர்களும் உண்டு. இரு வாரத்துக்கு ஒருமுறை தொலைபேசியில் நலம் விசாரிக்கும் மூத்த மாணவர் ஒருவர் இருந்தால், இவற்றில் பாதியைத் தவிர்த்துவிடலாம். ஒரு பாடத்தில் தோற்றால் உதவித்தொகை நின்றுவிடும் என்ற விதி எங்கேனும் இருந்தால், அதை இரக்கத்தோடு மறுபரிசீலனை செய்யுங்கள். அந்த மாணவருக்குக் கூடுதல் துணை தேவைப்படும் நேரம் அதுவே.

ஊர்ப்பணிகளில் எப்போது இறங்கலாம்? கட்டிக் கொடுத்தபின் பராமரிப்பது யார்?

இரண்டாம் கேள்விக்கு விடை தெரிந்த பிறகுதான் முதல் கேள்விக்கே வர வேண்டும். கட்டடம் எழுப்புவதற்கு நன்கொடை தர முன்வருவோர் பலர். அதன் கதவுக்குத் தாழ்ப்பாள் மாற்றவும் கூரை ஒழுகலை அடைக்கவும் தருவோர் மிகச் சிலர். சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்க நாடுகளில் நல்லெண்ணத்தோடு நிறுவப்பட்ட ஊர்ப்புறக் கைப்பம்புகளில் மூன்றில் ஒரு பங்கு பழுதாகிக் கிடந்ததாக 2009-இல் வெளிவந்த மதிப்பீடு கூறியது. உதிரிப்பாகமும், அதை மாற்றத் தெரிந்த ஆளும், அதற்கான சிறு தொகையும் ஊரில் இல்லாமற்போனதே பல இடங்களில் காரணம்.

அமெரிக்க எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னெகி உலகின் பல நாடுகளில் 2,500-க்கும் மேற்பட்ட நூலகங்களுக்குப் பணம் தந்தார். ஆனால் நிலத்தை ஊர் தர வேண்டும். தான் தரும் தொகையில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் பராமரிப்புக்காக ஊராட்சியே ஒதுக்க வேண்டும் என்ற நிபந்தனையை விதித்தார். அதற்கு இசையாத ஊர்களுக்கு நூலகம் கிடைக்கவில்லை. கடுமையான நிபந்தனைதான், வரி வருவாய் குறைந்த ஏழை ஊர்கள் இதனால் விலக்கப்பட்டன என்ற குறையையும் மறுக்க முடியாது. ஆயினும் அந்த நூலகங்களில் பல இன்றும் நூலகங்களாகவே இயங்குவதற்கு, பொறுப்பு முதல் நாளிலேயே ஊரின் கைக்குப் போனது முக்கியக் காரணம்.

மேலே சொன்ன ரோசன்வால்டின் பள்ளித் திட்டம் இதைவிட என் மனத்துக்கு நெருக்கமானது. 1912-இல் அவர் கறுப்பின மாணவர்களுக்கான டஸ்கிகீ கல்வி நிறுவனத்துக்கு அளித்த 25,000 டாலரில் எஞ்சிய சிறு தொகையைக் கொண்டு, அந்நிறுவனத்தின் தலைவர் புக்கர் டி. வாஷிங்டனின் யோசனைப்படி அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் கறுப்பினப் பிள்ளைகளுக்காக ஆறு சிறு பள்ளிகள் கட்டப்பட்டன. முதலில் அந்த ஆறும் நடக்கும் விதத்தைப் பார்த்தார்கள், பிறகே விரிவுபடுத்தினார்கள். 1932-இல் திட்டம் நிறைவடைந்தபோது, 15 மாநிலங்களில் பள்ளிகள், ஆசிரியர் இல்லங்கள், தொழிற்கூடங்கள் என 5,300-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் எழுந்திருந்தன. ஒவ்வோர் ஊரும் பணமாகவோ உழைப்பாகவோ தன் பங்கைத் தர வேண்டும், அரசுக் கல்வி வாரியம் பள்ளியை ஏற்று நடத்த வேண்டும் என்பவை விதிகள். கறுப்பின மக்கள் தங்கள் கையிலிருந்து தந்த மொத்தம், ரோசன்வால்ட் தந்ததைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருந்தது. அதே நிதியம் 1928 முதல் 1948 வரை எழுத்தாளர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் கலைஞர்களுக்கும் உதவித்தொகை வழங்கியது. எழுத்தாளர்கள் லாங்ஸ்டன் ஹியூஸ், ரால்ஃப் எலிசன் போன்றோர் அதைப் பெற்றவர்கள். ஊர்ப்பள்ளியும் உயர்கல்வி உதவியும் ஒரே கையிலிருந்து வந்த அரிய முயற்சி அது. ஏழைகள் ஏற்கெனவே வரி செலுத்திவிட்டு, மீண்டும் ஒருமுறை தங்கள் பிள்ளைகளின் பள்ளிக்காகப் பணம் கொடுக்க நேர்ந்தது என்ற வேதனையையும் இதோடு சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும்.

உதவித்தொகையே ஊரையும் மாற்றுமா?

சில இடங்களில் மாற்றியிருக்கிறது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள கலமசூ நகரில், பெயர் வெளியிட விரும்பாத நன்கொடையாளர்கள் 2005-இல் ஓர் அறிவிப்புச் செய்தார்கள்: நகரின் அரசுப் பள்ளிகளில் தொடக்கம் முதல் படித்து முடிக்கும் ஒவ்வொருவருக்கும் மாநில அரசுக் கல்லூரிகளில் கட்டணம் முழுவதும் வழங்கப்படும், ஒன்பதாம் வகுப்பில் வந்து சேர்ந்தவர்களுக்கு 65 விழுக்காடு. மதிப்பெண் போட்டியோ வருமானச் சான்றோ இல்லை. பல ஆண்டுகளாகக் குறைந்துவந்த பள்ளிச் சேர்க்கை அதன்பின் ஏறத் தொடங்கியது. இவ்வளவு பெரிய நிதி எல்லோருக்கும் வாய்க்காது. ஆனால், ஒரே பள்ளியிலோ ஒரே சிற்றூரிலோ எல்லாப் பிள்ளைகளையும் தாங்குவது, பரந்த நிலப்பரப்பில் ஆங்காங்கே ஒருவரைத் தேர்ந்தெடுப்பதைவிட ஆழமாக வேர்விடக்கூடும் என்பதைச் சிறிய அறக்கட்டளைகளும் யோசிக்கலாம்.

நன்கொடையாளர் விதிக்கும் நிபந்தனைகளை எவ்வளவு தூரம் ஏற்கலாம்?

நோக்கத்தை அகலமாகவும் நடைமுறையை மாற்றக்கூடியதாகவும் எழுதச் சொல்லி அவரிடம் பணிவோடு கேளுங்கள். பிரிட்டிஷ் சுரங்கத் தொழிலதிபர் சிசில் ரோட்ஸ் 1902-இல் இறந்தபோது விட்டுச்சென்ற உயில், ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் படிப்பதற்கான தன் உதவித்தொகையை ஆண்களுக்கு மட்டுமே என்று வரையறுத்திருந்தது. பிரிட்டனில் 1975-இல் பாலினப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் வந்த பிறகே அதை மாற்ற வழி பிறந்து, 1977-இல் பெண்கள் சேர்ந்தார்கள். முக்கால் நூற்றாண்டுக் காலம் தகுதியிருந்தும் வெளியே நின்ற பெண்களை எண்ணும்போது, ஒரு வரியின் எடை எவ்வளவு என்பது புரியும். இறந்தவரின் கை இருப்பவர்களைக் கட்டிப்போடும் இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான், வங்கியாளரான ஃபிரெடரிக் காஃப் 1914-இல் கிளீவ்லாந்து அறக்கட்டளையை நிறுவினார். பலருடைய நிதியை ஒன்றாக வைத்து, காலம் மாறும்போது பயனை மாற்றிக்கொள்ளும் உரிமையை ஊரின் நம்பிக்கைக்குரிய குழுவிடம் அது அளித்தது. இன்று உலகெங்கும் உள்ள சமூக அறக்கட்டளைகளுக்கு அதுவே முன்மாதிரி.

நிர்வாகச் செலவே இல்லை என்று பெருமையாகச் சொல்லலாமா?

வேண்டாம். கணக்கர், தணிக்கை, மாணவரைத் தொடர்பு கொள்ளும் ஓர் ஊழியர் ஆகியவை செலவுதான். அவையில்லாத அறக்கட்டளையில் அந்தச் சுமையைத் தன்னார்வலர் ஒருவர் தனியே சுமந்துகொண்டிருப்பார், அவர் சோர்ந்த நாளில் எல்லாம் நின்றுவிடும். எவ்வளவு, எதற்கு என்று தெளிவாக எழுதி வெளியிடுங்கள்.

உதவி பெறும் மாணவர்களின் படங்களை வெளியிடலாமா?

காசோலையை நீட்டிப் பிடித்து நிற்கும் படம் வேண்டவே வேண்டாம். அந்தப் பிள்ளை நாளை வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும் அந்தப் படம் இணையத்தில் இருக்கும். படிப்பு முடிந்தபின், அவர்களே விரும்பித் தங்கள் கதையைச் சொன்னால் நன்றியோடு வெளியிடலாம். விருப்பமில்லை என்று சொல்வதால் எந்த உதவியும் குறையாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

அறக்கட்டளை என்றென்றும் நிலைத்திருக்க வேண்டுமா?

அது கட்டாயமில்லை. ரோசன்வால்ட் தன் நிதியம் தாம் இறந்து 25 ஆண்டுகளுக்குள் முழுவதும் செலவிடப்பட வேண்டும் என்று வலியுறுத்தினார். அவர் 1932-இல் மறைந்தார், நிதியம் 1948-இலேயே பணியை முடித்துக்கொண்டது. நம் காலத்தில் அமெரிக்கத் தொழிலதிபர் சக் ஃபீனி 1982-இல் நிறுவிய அட்லாண்டிக் ஃபிலாந்த்ரபீஸ், ஏறத்தாழ 800 கோடி டாலரை வழங்கித் தீர்த்துவிட்டு 2020-இல் மூடப்பட்டது.

மூட முடிவெடுக்கும் கல்வி அறக்கட்டளை, நான்காண்டுப் படிப்பானால் குறைந்தது ஐந்தாண்டுகளுக்கு முன்பே அதை அறிவிக்க வேண்டும். முதலில் புதிய சேர்க்கையை நிறுத்தி, ஏற்கெனவே உள்ளவர்களுக்கான முழுத் தொகையையும் தனிக்கணக்கில் பூட்டிவைத்து, ஊர்ப்பணிகளின் பராமரிப்பை ஏற்க இருக்கும் அமைப்புகளுக்கு ஓராண்டேனும் உடனிருந்து பயிற்சி தர வேண்டும். ஒரு மாணவர் உடல்நலக் குறைவால் ஓராண்டு பின்தங்கக்கூடும் என்பதால்தான் நான்காண்டுக்கு மேல் அந்த ஐந்தாம் ஆண்டு தேவைப்படுகிறது. கடைசி மாணவர் பட்டம் பெற்ற பிறகே வங்கிக் கணக்கை மூட வேண்டும்.